நீலகிரிக்கு ஆய்வாளர்களை அனுப்பும் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளில் குழந்தை வளர்ச்சி, குடும்பவியல் துறைகளின் தலைவர்கள், நெறியாளர்கள், முனைவர் பட்ட ஆய்வு ஆலோசனைக் குழுவினர்.

வணக்கம்.

ஏப்ரல் கடைசி ஆனால் போதும், ஒரு கட்டு வினாநிரலோடு உங்கள் ஆய்வு மாணவர்கள் மலையேறி வந்துவிடுகிறார்கள். ஊட்டியில் அப்போது சீசன். அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு, இ-பாஸ் வேறு. அதையெல்லாம் சமாளித்துவிடலாம், பள்ளிக்கூடம் பூட்டியிருப்பதை என்ன செய்வது? பத்து நாளில் 300 குழந்தைகள் என்று திட்டத்தில் எழுதியிருக்கும். கீழே இறங்கும்போது எப்படியோ 300 தாளும் நிரம்பியிருக்கும். எப்படி நிரம்பியது என்று ஆலோசனைக் குழுவில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

நாங்கள் இந்த மாவட்டத்தில் இத்துறையைக் கற்பிப்பவர்கள், கள ஆய்வுகளுக்குத் துணை நிற்பவர்கள். மாணவர்களைக் குறை சொல்ல இந்த மடல் இல்லை. சமவெளிக்காக வரைந்த ஆய்வுத் திட்டத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி மலைக்கு அனுப்புகிறீர்கள், அதில் கையொப்பம் உங்களுடையது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில் நாள்காட்டி. நீலகிரிக்கு ஒரே மழைக்காலம் கிடையாது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே எந்தத் தேதியையும் நம்ப முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. நவம்பரில் மண்சரிந்து பாதை அடைபடும். ஆக, களத்துக்கு உகந்த மாதங்கள்: கூடலூருக்குச் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை, கோத்தகிரிக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரையும் பிறகு ஜனவரி, பிப்ரவரியும். கொடைக்கானல் மேல்மலைக்குப் போகிறவர்களும் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் பாதி வரை தவிர்ப்பது நல்லது. கூடலூர்ப் பக்கம் இன்னொன்றும் உண்டு: மாலை ஐந்துக்கு மேல் யானை நடமாடும் பாதையில் வீடு வீடாகப் போக முடியாது. ஒரு நாளைக்கு எட்டு வீடு என்று திட்டத்தில் இருந்தால், அதை நான்காக அடித்துத் திருத்திவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

அம்மாவைப் பிடிப்பதும் அத்தனை சுலபமில்லை. தேயிலை பறிக்கிறவர் காலையில் போனால் மாலையில்தான் வருவார். கேரட் அறுவடைக்கு விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தை, துணி துவைப்பு, கோயில் அல்லது சர்ச். வேலை நேரத்தில் பேட்டி எடுத்தால் அந்த நேரத்துக்கான கூலி போகிறது. அதை ஈடுகட்டும் தொகை ஆய்வுச் செலவில் இருக்க வேண்டும். பேட்டி கொடுத்ததற்கான பரிசு என்ற பெயரில் அதைக் கொடுக்கக் கூடாது. இழந்த கூலி என்றே கணக்கில் காட்டுங்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டியோ, அக்காவோ, காப்பக ஆயாவோ. வினாநிரலில் 'தாய்' என்று மட்டும் இருந்தால், பிள்ளையைப் பகலில் பார்த்தே இராத ஒருவர் பகல்பொழுதைப் பற்றிப் பதில் சொல்வார்.

அளவுகோல்களில் நடப்பதுதான் எங்களை அதிகம் உறுத்துகிறது. வீட்டுச் சூழலை அளக்கும் 'ஹோம்' பட்டியலை எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தைகளுக்கான வடிவத்தில் 45 கூறுகள். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போய், பாதியைப் பார்த்தும் பாதியைக் கேட்டும் குறிக்க வேண்டும். குழந்தையின் விளையாட்டுப் பொருளுக்கென்று தனி இடம் உண்டா என்று ஒரு கூறு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் ஓர் அறை, ஒரு அடுப்படி. தனி இடம் எங்கே இருக்கும்? 'இல்லை' என்று குறித்துவிடுகிறார்கள். ஆறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான வராந்தாவில், அட்டைப்பெட்டிக்குள் உடைந்த பொம்மையும் காலி டப்பாக்களும் இருப்பது தாளில் ஏறுவதில்லை. பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி காப்பகத்தில் கழிகிறது, அந்த இடத்தைப் பட்டியல் தொடுவதே இல்லை. கடைசியில் 'தோட்டக் குடும்பங்களில் தூண்டல் குறைவு' என்று ஓர் அத்தியாயம் வந்துவிடுகிறது.

மூன்று வயதுக்கு மூன்று சக்கர சைக்கிளை மிதிக்க வேண்டும் என்ற வளர்ச்சி அளவுகோல் கூறும் அப்படித்தான். வாசலிலிருந்து படியாகவே இறங்கும் ஊரில் சைக்கிள் எதற்கு? அதற்குப் பதிலாகக் கால் மாற்றிக் கால் வைத்துக் கல்படி ஏறுவதைப் பார்க்கலாம் என்று சில மாணவர்கள் தாங்களாகவே மாற்றிக்கொள்கிறார்கள். பாராட்ட வேண்டிய கவனிப்புதான். ஆனால் கூறை மாற்றிய கணத்தில் பழைய நெறியளவு (ஒப்பிட வைத்திருக்கும் பொது அளவு) செல்லாது; கூட்டிய மதிப்பெண்ணைப் பழைய அட்டவணையில் வைத்துப் படிக்கக் கூடாது. மாற்றிய கூறுகளைத் தனியே பதிந்து, தனியே அறிக்கையிட வேண்டும். பிள்ளைகளின் பலம், சிக்கல் இரண்டையும் அளக்கும் 25 கூறு எஸ்.டி.க்யூ. வினாநிரலுக்கு அந்தச் சுதந்திரமும் இல்லை. அது பதிப்புரிமை உள்ளது. அதிகாரபூர்வத் தமிழ் வடிவத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் பயன்படுத்த வேண்டும். பணியர் குடியிருப்பிலோ காட்டுநாயக்கர் குடியிருப்பிலோ வளரும் பிள்ளைக்கு வீட்டு மொழி தமிழ் இல்லை. படித்துக் குறிக்கச் சொன்னால் நடு விடையாகவே போட்டுக்கொண்டு போகும். ஒருவர் படித்துச் சொல்ல, அந்த மொழி தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படித்தான் எடுத்தோம் என்று ஆய்வேட்டிலும் எழுத வேண்டும்.

உயரம், எடைக்குக்கூட இங்கே தனிக் கவனம் தேவை. அங்கன்வாடித் தரை சமமாக இருக்காது. எடைக்கருவியின் கீழ் ஒரு பலகையைப் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே அளக்க வேண்டும். டிசம்பர் காலையில் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னால் குழந்தை அழும், அம்மா கோபப்படுவார், இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது. அதே மாதிரி ஸ்வெட்டர் ஒன்றைத் தனியே எடைபோட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். குல்லாவையாவது கழற்றியே ஆக வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். மாற்றி எடுத்திருந்தால் 0.7 செ.மீ. கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும்.

வளரிளம் பெண்களின் ரத்தசோகை ஆய்வுகளில் ஹீமோகுளோபினுக்குக் கடல்மட்ட அளவை அப்படியே போடுகிறார்கள். உயரம் கூடினால் ஹீமோகுளோபினும் கூடும், அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படியே 2,000 மீட்டருக்கு டெசிலிட்டருக்கு 0.8 கிராம் கழிக்க வேண்டும்; 2024 வழிகாட்டுதலில் கழிவு இன்னும் கூடுதல். 12.3 கிராம் காட்டும் பெண்ணைச் 'சரி' என்று எழுதி அனுப்புகிறோம், கழித்துப் பார்த்தால் 11.5, அதாவது 12-க்குக் கீழே, அவருக்கு ரத்தசோகை. கூடலூர் ஏறக்குறைய 1,000 மீட்டர்தான் என்பதால் மாவட்டம் முழுவதற்கும் ஒரே கழிவும் சரிவராது.

வயதில் ஏமாறாதீர்கள். பள்ளிப் பதிவேட்டில் மே, ஜூன் பிறந்த நாள்கள் குவிந்திருந்தால், பலவும் சேர்க்கைக்காகப் போட்டவை. தாய் சேய் நல அட்டையைக் கேளுங்கள், தடுப்பூசித் தேதியை வைத்துச் சரிபாருங்கள். நான்கு மாதப் பிழை கைக்குழந்தையின் வளர்ச்சிக் குறியீட்டைத் தலைகீழாக்கிவிடும்.

இனி எண்ணிக்கை. 15 பள்ளி, பள்ளிக்கு 20 பேர், மொத்தம் 300 என்று எழுதியிருக்கும். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஓரளவு ஒத்திருப்பார்கள். இந்த ஒற்றுமையை அளக்கும் உள்தொடர்புக் கெழு 0.1 என்றே வைத்துக்கொண்டாலும் வடிவமைப்பு விளைவு 1 + 19 × 0.1 = 2.9. 300-ஐ 2.9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 103. அந்த 300 பேர் தருவது 103 பேருக்கான தகவல்தான். பள்ளிக்கு இருபதைப் பத்தாக்கி, பள்ளிகளை முப்பதாக்கினால் அந்த விளைவு 1.9, பயனுள்ள எண்ணிக்கை 158-ஐ நெருங்கும். பேருந்துச் செலவு கூடும், உண்மைதான். 'பழங்குடியினர், மற்றவர்' என்று இரண்டே பெட்டி போட்டு, இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை செய்வது இதைவிட மோசம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேரும் வெவ்வேறு வாழ்வுமுறை உள்ளவர்கள். ஆறையும் ஒரே சராசரியில் அடைத்தால் கிடைக்கும் எண் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

மக்கள்தொகை சிறியது என்பதால் அடையாளம் மறைப்பதும் கடினம். தோடர் எல்லோரும் சேர்த்தே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். மந்தின் (தோடர் குடியிருப்பு) பெயரையும் '14 வயது, தந்தை இல்லாதவர், விடுதியில் படிப்பவர்' என்பதையும் ஒரே பத்தியில் எழுதினால் மாவட்டத்துக்கே அவர் யாரென்று தெரிந்துவிடும். ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு வட்டம் என்று மட்டும் போடுங்கள். வயதை இரண்டு, மூன்று ஆண்டு இடைவெளியில் போடுங்கள். ஐந்து பேருக்குக் குறைவான கட்டத்தை அட்டவணையில் காட்டாதீர்கள்.

ஒப்புதல். தலைமையாசிரியர் கையொப்பம் பெற்றோர் ஒப்புதல் ஆகாது. ஊர்த்தலைவர் சம்மதமும் ஆகாது. இரண்டும் தேவைப்படலாம், ஆனால் அதற்கு மேல் பெற்றோரிடம் தனியே கேட்டாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயதுக்குள் பிள்ளையிடம் வாய்மொழி இசைவு, 12 முதல் 18 வரை எழுத்தில். கைநாட்டு என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். நிலம், சாதிச் சான்று என்று பல படிவங்களில் கைநாட்டு வைத்துக் களைத்த மக்கள் இவர்கள். இன்னொரு தாளை நீட்டினால் 'இதில் என்ன கிடைக்கும்?' என்பதுதான் முதல் கேள்வி. எதுவும் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

'நீங்கள் சொல்வது முழு ரகசியம்' என்று படிவத்தில் எழுதவே எழுதாதீர்கள். 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்; சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். வளரிளம் பருவத்தினரிடம் உறவுகள் பற்றிக் கேட்கும் எந்த ஆய்விலும் இது வந்தே தீரும். எந்தச் செய்தியை ரகசியமாக வைக்க முடியாது என்பதைப் பேட்டிக்கு முன்பே பிள்ளைக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். அப்படி ஒன்று வெளிப்பட்டால் முதலில் நெறியாளருக்குப் போன், பிறகு யார் புகார் தருவது, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் சொல்வது, அன்றிரவு பிள்ளை எங்கே இருக்கும் என்பதெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி நெறிமுறைக் குழுவில் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இருபத்து நான்கு வயது ஆய்வு மாணவி பந்தலூரில் தனியாக நின்று முடிவெடுக்கும்படி விடக் கூடாது.

வளர்ச்சித் தாமதம் கண்டறிந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைக் கடிதமும், போய்வரும் செலவும் ஆய்வின் பகுதியாகவே இருக்கட்டும். பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். கடிதத்தை மட்டும் கையில் கொடுத்தால் அது அலமாரியில்தான் இருக்கும்.

இதெல்லாம் செய்தால் மாணவரின் பட்டம் தள்ளிப்போகுமே என்பீர்கள். 2022 யு.ஜி.சி. விதிகள் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு தருகின்றன. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு, 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற தேசிய அளவிலான கட்டாயமும் அந்த விதிகளில் இல்லை. அதைப் பல்கலைக்கழகங்கள்தான் தாமாக வைத்துக்கொண்டிருக்கின்றன. அவசரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், உதவிப் பேராசிரியர் தேர்விலும் பதவி உயர்விலும் ஒரு கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று எண்ணுகிறார்கள். மழை விட்ட பிறகு திரும்பிப்போய் அதே குழந்தைகளை இரண்டாம் முறை அளந்ததற்குப் புள்ளி எதுவும் கிடையாது. இரண்டு பேர் தனித்தனியே பார்த்துக் குறித்த பதிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கப்பா கணக்கிட்டதற்கும் கிடையாது. யு.ஜி.சி. மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். துறை அளவில் முடிந்தது ஒன்று உண்டு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆலோசனைக் குழுவில் கட்டுரை எத்தனை என்று கேட்பதற்கு முன் களப் பதிவேட்டைக் கேளுங்கள். எந்தத் தேதி, எந்த ஊர், எத்தனை வீடு பூட்டியிருந்தது, யார் மறுத்தார்கள், மறுபடி எப்போது போனார்கள். மறுப்பு ஒன்றுகூட இல்லாத பதிவேடு வந்தால் அந்தத் தரவைத் திருப்பி அனுப்புங்கள்.

அனுமதிக்கு: பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலர், அங்கன்வாடிகளுக்குக் குழந்தை வளர்ச்சித் திட்ட மாவட்ட அலுவலகம், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் பழங்குடியினர் நலத்துறை, முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊர்களுக்கு வனத்துறையும் சேர்த்து. முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தையும் முன்கூட்டியே கலந்துகொள்ளுங்கள். கையொப்பமிட்ட நெறிமுறைக் குழுச் சான்றின் நகலும், வினாநிரலின் முழுத் தமிழ் வடிவமும் இணைக்காத விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும். செப்டம்பரில் கூடலூரில் இறங்க வேண்டுமானால் விண்ணப்பங்கள் மே மாதத்துக்குள் போயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீலகிரியில் குழந்தை வளர்ச்சி, குடும்பவியல் கற்பிப்போரும் களப்பணியாளர்களும்