பட்டியல் கேட்ட வசந்திக்கு

மன்னார்குடி
14.9.2025

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கையால் விலாசம் எழுதிய உறையைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்றோ, தபால்காரரே ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். ஆறு வாரம் மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஜெயில் தண்டனை மாதிரி எழுதியிருக்கிறாய். திருச்சி ஹாஸ்டலில் நீ புலம்பியது எனக்கு மறக்கவில்லை. "ஒரு மாசம் என்னை யாரும் தொந்தரவு பண்ணாம படிக்க விட்டாப் போதும்டி." கேட்டது நாற்பத்து மூன்று வருஷம் கழித்து, முட்டியில் தையலோடு கிடைத்திருக்கிறது. அனுபவி.

"நல்ல புத்தகமா பத்து, பட்டியல் போட்டு அனுப்பு" என்று கேட்டிருக்கிறாய். பட்டியல் என்னால் ஆகாது. முப்பத்து நாலு வருஷம் கிளை நூலகத்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் சொல்கிற பேச்சா இது என்பாய். அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் சொல்கிறேன். பட்டியல் வாங்கிப்போனவர்கள் ஒருத்தரும் அதில் இருந்ததைப் படித்து நான் பார்த்ததில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். அது சட்டையோடு துவைக்கப் போய்விடும். "சார், இது உங்களுக்கு" என்று ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தால்தான் ஆள் படிப்பார்.

சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். எங்களுக்கு அது பரீட்சைப் பாடம். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். ரெண்டும் ஒன்றுதானே, எதற்கு இந்த மனுஷன் திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறார் என்று அப்போது நினைத்தேன். வேலைக்கு வந்த பிறகு புரிந்தது. கேட்டு வருகிறவருக்குப் புத்தகம் தேடுவது ஒரு வேலை. பின்னட்டைத் தேதித் தாளில் பத்து வருஷமாக ஒரு முத்திரைகூட விழாமல் ரேக்கில் கிடக்கிற புத்தகத்துக்கு ஆள் தேடுவது வேறு வேலை. அது வரன் பார்க்கிற மாதிரி. எனக்கு அதில்தான் ருசி அதிகம். அதே 1931இல் எங்கள் ஊருக்குப் பக்கத்து மேலவாசலில் கனகசபை பிள்ளை மாட்டு வண்டியிலேயே நூலகம் வைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த வண்டியில் ஒரு நாளாவது போயிருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்கு ஆசை உண்டு. சரி, அது கிடக்கட்டும்.

ரைஸ் மில் காவல்காரர் ஒருவர் கதை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. ராத்திரி டூட்டிக்காரர். "தூக்கம் வராத மாதிரி தடியா ஒண்ணு குடும்மா" என்று வந்து நின்றார். தடிமன்தான் அவருக்குத் தெரிந்த ஒரே அளவு. பொன்னியின் செல்வன் முதல் பாகத்தைக் கொடுத்தேன். ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை வருகிறதோடு ஆரம்பிக்கிற கதை. மதகும் புதுத் தண்ணீரும் பார்த்து வளர்ந்த ஆளை அது விடாது என்று ஒரு நம்பிக்கை. நாலாம் நாள் காலையில் நான் பூட்டைத் திறக்க வருவதற்கு முன்பே வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாகம் வெளியே போயிருந்தது. யாரிடம் இருக்கிறது என்று சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன். மனுஷர் நேரே அந்த வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாராம். "இன்னும் நாப்பது பக்கம் இருக்கே" என்றாராம் அந்த வீட்டம்மா. "முடிச்சிட்டுக் குடுங்க, நான் இருக்கேன்." அந்த அம்மாள் அவருக்குக் காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டு, அடுப்பையும் பார்த்துக்கொண்டு மீதியைப் படித்து முடித்தார். அப்புறம் மற்ற மூன்று பாகமும் அப்படியேதான். அம்மாள் முன்னே, காவல்காரர் பின்னே. இருவரும் என் மேசையில் புத்தகத்தை மாற்றிக்கொள்ளும்போது நந்தினியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்வார்கள். நான் முத்திரை குத்துகிற மாதிரி குனிந்துகொண்டு கேட்பேன். சம்பளத்தில் சேராத வருமானம்.

எல்லாமே இப்படிப் பலித்தது என்று நினைத்துவிடாதே. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மனைவி இறந்து ஒரு மாதம் இருக்கும், வழக்கம்போல் வந்தார். அவருக்கு ஆரோக்கிய நிகேதனத்தை எடுத்துக் கொடுத்தேன். தாராசங்கர் பானர்ஜியின் வங்காள நாவல், த.நா. குமாரசாமி தமிழில் செய்தது. நாடியைப் பிடித்தே சாவு வருவதைச் சொல்லிவிடுகிற கிராமத்து வைத்தியர் கதை; பெற்ற பிள்ளையின் சாவையும் முன்னாலேயே அறிந்துவிடுகிறவர். என் அப்பா போன வருஷம் என்னைத் தாங்கிப் பிடித்த புத்தகம் அது. அதனால் அவரையும் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். மறுநாளே கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இது வேண்டாம்மா." அவ்வளவுதான். ஆறு மாதம் நூலகப் பக்கம் தலை காட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எடுக்காமல், என் அப்பா நினைப்பில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

திரும்ப வந்தபோது ஒன்றும் பேசாமல் துப்பறியும் சாம்புவை நகர்த்தி வைத்தேன். தேவனுடைய அந்த அசட்டு பாங்க் குமாஸ்தாவை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் எல்லாம் தானாகவே தடுக்கி விழுந்து ஜெயிக்கும். ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்தார். நாலைந்து இடத்தில் பக்க முனை மடிந்திருந்தது. நூலகப் புத்தகத்தை மடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷம் போயிருக்கும், அவரே ஒரு நாள் கேட்டார், "அந்த வைத்தியர் புத்தகம் இன்னும் இருக்கா?"

சிபாரிசு என்றதும் எனக்கு நினைவு வருவது கும்பகோணத்தில் 1880இல் நடந்த ஒரு சந்திப்பு. உ.வே. சாமிநாதையருக்கு அப்போது இருபத்தைந்து வயது, அங்கே காலேஜில் தமிழ்ப் பண்டிதர். ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்டுவிட்டார்! சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை? இல்லை, இல்லை, இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே பாடம் கேட்ட பிள்ளைக்கு முகம் எப்படிச் சுண்டியிருக்கும், யோசித்துப் பார். அதோடு விடாமல் முதலியார் தன்னிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியையும் கொடுத்தனுப்பினார். அது சமணக் காப்பியமாயிற்றே, புரியாத இடத்துக்கெல்லாம் கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் போய் உட்கார்ந்து கேட்டுக்கேட்டு, 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. மற்றதெல்லாம் ஊருக்கே தெரியும். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: முதலியார் அந்தப் புத்தகத்தைப் புகழவே இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கொஞ்சம் சீண்டினார்.

உனக்கு அனுப்புகிற பார்சலில் தடியாக இருப்பது அந்தக் கதை வருகிற என் சரித்திரம்தான். 1940இல் விகடனில் தொடங்கி, 1942இல் அவர் கண்ணை மூடும்வரை எழுதியது. கதை பாதியிலேயே நிற்கும். முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் படிக்காதே. முன்னோர் கதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஐயர் மன்னிப்பாராக. மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேருகிற இடத்தில் பிரி. குருவுக்கு வீட்டில் எத்தனை கஷ்டம் இருந்தாலும் பாட்டு மட்டும் ஆறு மாதிரி வருகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பையனை விட்டு உன்னால் எழுந்திருக்க முடியாது. எழுந்திருக்கவும் கூடாதல்லவா உனக்கு?

இன்னொன்று, நடந்தாய் வாழி காவேரி. சிட்டியும் தி. ஜானகிராமனும் குடகில் காவேரி பிறக்கிற இடத்திலிருந்து பூம்புகார் வரைக்கும் ஆற்றோடு போன கதை. ஸ்டூலில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் போய்வர இதைவிட்டால் வேறு வழி இல்லை. கோயம்புத்தூருக்கு வாழப் போனதிலிருந்து உனக்குக் காவேரி நினைப்பே போய்விட்டது என்று எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. அப்புறம் ஒரு குறுந்தொகை. ஏறக்குறைய எல்லாமே நாலிலிருந்து எட்டு அடி. பிசியோதெரபிக்காரர் வருகிறதுக்கு முன்னால் ஒன்று படித்தால் போதும். எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். கவிதையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது, ஏதோ ஒரு கூச்சம்.

அண்ணன் பேப்பரைத் தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறார், கதை என்றால் பொய் என்கிறார் என்று எழுதியிருந்தாய். அவருக்குத் தொ. பரமசிவனின் அறியப்படாத தமிழகம். ஒல்லியான புத்தகம், குட்டிக் குட்டிக் கட்டுரைகள். உப்பு, எண்ணெய், தாலி, தீபாவளி என்று நம் வீட்டுக்குள் இருப்பதைத்தான் எழுதியிருப்பார். சம்பளம் என்ற சொல்லே கூலியாகக் கொடுத்த நெல்லிலிருந்தும் உப்பிலிருந்தும் வந்தது என்று ஒரு இடம் வரும். பாங்கில் முப்பது வருஷம் சம்பளம் எண்ணினவர் அதைப் படித்துவிட்டு சும்மா இருக்க மாட்டார், யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். ஆனால் நீ அதைக் கையில் கொடுத்துவிடாதே. "கட்டாயம் படியுங்கள்" என்ற ஒரு வார்த்தை போதும், புத்தகம் அன்றோடு செத்தது. டைனிங் டேபிளில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இரு.

மருமகள் ராத்திரியெல்லாம் போனில் கொலைத் தொடர்தான் பார்க்கிறாள் என்று குறைப்பட்டிருக்கிறாய். அதில் என்ன தப்பு? நாம் வார்டனுக்குப் பயந்து டார்ச் வெளிச்சத்தில் படித்தது என்ன, திருவாசகமா? கடைசிப் பக்கங்கள் கிழிந்த துப்பறியும் நாவலுக்கு நீயே கொலைகாரனைக் கண்டுபிடித்து எங்கள் பதினோரு பேருக்கும் கதை சொன்னாயே. அவளுக்குப் பூமணியின் வெக்கை. முதல் பக்கத்திலேயே ஒரு பையன் ஆளை வெட்டிவிட்டு ஓடுகிறான். பதினைந்து வயசுப் பையன். கையை வாங்கத்தான் நினைத்தான், உயிரே போய்விட்டது. அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிற சில நாள்தான் மொத்தக் கதையும். அசுரன் படம் இதிலிருந்து எடுத்ததுதான் என்று மட்டும் அவள் காதில் போடு. படத்தில் இல்லாதது என்னவென்று பார்க்கவாவது பிரிப்பாள். என்னைக் கேட்டால் அந்த அப்பன் பிள்ளையோடு பேசுகிற பேச்சுக்காகவே படிக்க வேண்டும்.

பேத்திக்கு சுஜாதாவின் என் இனிய இயந்திரா. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி பேசும், படிக்கும், போகப்போக சொந்தமாக யோசிக்கவும் ஆரம்பித்துவிடும். சுஜாதா எதிர்காலம் என்று எழுதிய வருஷம் நமக்குக் கடந்த காலமாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அதுவே ஒரு வேடிக்கையாக இருக்கும். இதைப் படித்துவிட்டு என்னோடு போனில் பேசட்டும். அவள் எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று தெரிந்தால் அடுத்ததை நான் சொல்வேன்.

ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியை எடுத்து வைத்துவிட்டு, பிறகு பார்சலிலிருந்து எடுத்துவிட்டேன். மதுரையில் பத்திரிகை ஆபீசில் வேலை பார்த்த மனுஷர், யுத்த காலத்து மெடானையும் பினாங்கையும் அப்படி எழுதியிருக்கிறார். என் உயிர் அது. எத்தனையோ பேருக்குக் கொடுத்துப் பார்த்தேன், நாற்பது பக்கத்தில் திரும்பி வந்துவிடும். நீயும் திருப்பி அனுப்பினால் எனக்குத் தாங்காது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் ஒரு புத்தகம் சொன்னதில்லை. இவளுக்கு என்ன, எல்லாம் படித்திருப்பாள் என்று நினைத்துவிடுகிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்று கை நீட்ட ஆசையாக இருக்கிறது. ஹாஸ்டலில் நீ என்ன செய்வாய், ஞாபகம் இருக்கிறதா? சொல்லவே மாட்டாய். படித்து முடித்ததை என் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பாய். டைனிங் டேபிள் யோசனை அங்கே பிடித்ததுதான். ஆறு வாரத்துக்குள் ஏதாவது ஒன்று அகப்படும் உனக்கு. அதைத் தபாலில் போடு. உள்ளே எதுவும் எழுத வேண்டாம்.

அண்ணனுக்கு என் வணக்கம். குழந்தைக்கு முத்தம்.

அன்புடன்,
சரோஜா

பி.கு.: 1982 கடைசிப் பரீட்சை முடிந்த அன்று என் கோபல்ல கிராமத்தை "பஸ்ஸில் படிச்சிட்டுத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு போனாய். அபராதக் கணக்குப் பார்த்தால் உன் முட்டி ஆபரேஷன் செலவு தோற்றுவிடும். திருப்ப வேண்டாம். முதல் பக்கத்தில் என் பெயர் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.