பல மரம் கண்டவள்

ஒட்டுசுட்டான்
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

புதன்கிழமை இரவு நீ கதைத்ததிலிருந்து எனக்கு நித்திரை சரியாக இல்லை. நீ அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். "அம்மா, எனக்கு எதுவும் முழுதாகத் தெரியாது, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, உடனே பேச்சை மாற்றி, மாடு கன்று போட்டுவிட்டதா என்று கேட்டாய். உன் மேலதிகாரி கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று உன்னைப் பார்த்துச் சொன்னாராம். ஒரு தச்சனுடைய பேத்தி அதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்து இருந்திருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தொலைபேசியில் எனக்குப் பதில் வரவில்லை. எழுதினால்தான் யோசனை ஒழுங்காக வரும். நாளை இரவு பக்கத்து வீட்டுத் தம்பி கொழும்பு பஸ்ஸில் வருகிறான். அரிசியோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அம்மப்பாவின் தச்சுக் கொட்டிலை நீ கண்டதில்லை. நீ பிறப்பதற்கு முன்பே அது எரிந்துவிட்டது. யாராவது வந்து "நல்ல மரமாகப் பார்த்துத் தாருங்கள்" என்று கேட்டால் அவர் உடனே மரத்தைக் காட்டமாட்டார். எங்கே போடப் போகிறீர்கள் என்று கேட்பார். சாரல் அடிக்கும் பக்கமா, கறையான் உள்ள நிலமா, கதவா, கூரை வளையா, கட்டிலா? பாலை எவ்வளவு பாரத்தையும் தாங்கும், ஆனால் உளிக்கு இலகுவில் இடம் கொடுக்காது. அது வளைக்கும் தூணுக்கும். முதிரையைச் சீவினால் பட்டுப்போல மினுங்கும். அது கதவுக்கும் அலுமாரிக்கும். வேம்பைப் பூச்சி எளிதில் தொடாது. பனையில் வெளியே உள்ள வைரம்தான் சலாகைக்கு உதவும், உள்ளே உள்ள சோற்றைக் கழித்துவிட வேண்டும். இதெல்லாம் எனக்கு அவர் பக்கத்தில் இருந்து மரத்தூள் கூட்டிய நாட்களில் காதில் விழுந்தவை.

ஒரு முறை வண்டியில் பெரிய குற்றி ஒன்று வந்தது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. அம்மப்பா விரலை மடக்கி, விரல் மொழியால் தட்டிக்கொண்டே அடியிலிருந்து நுனிவரை நடந்தார். நடுவில் ஓரிடத்தில் நின்று மறுபடியும் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "இதற்குள் கோறை இருக்கிறது" என்றார். கொண்டு வந்தவர் நம்பவில்லை. வாள் போட்டபோது என் கை நுழையும் அளவுக்கு உள்ளே கோறை இருந்தது. பல மரம் கண்டதால்தான் அவருக்கு அந்தச் சத்தத்தின் வித்தியாசம் கேட்டது. அந்தப் பழமொழி வெட்டாமல் நின்ற தச்சனைத்தான் குறை சொல்கிறது, பிள்ளை. மரங்களைக் கண்டதை அது குறை சொல்லவில்லை. உன் அம்மப்பா நிறையக் கண்டார், நிறைய வெட்டினார்.

நீ 1997 இல் பிறந்தாய். அப்போது வன்னிக்குள் மண்ணெண்ணெய் அரிது, பெற்றோல் அதைவிட அரிது, பற்றறி இல்லை, யூரியா இல்லை. பொருளாதாரத் தடை என்று நீ புத்தகத்தில் படித்தது எங்களுக்கு அன்றாடச் சமையல். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய குழாய் வழியாகத் திரியை எடுத்தால் ஒரு விளக்கு. சரிந்தாலும் எண்ணெய் சிந்தாது. அந்தச் சின்னச் சுடரில்தான் உன் முகத்தை நான் முதலில் பார்த்தேன்.

அப்பா மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார். குளிர்ந்திருக்கும் என்ஜினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, அதனால் பற்றாது. ஊசிக்குழலில் சில துளி பெற்றோல் எடுத்துக் காபுரேட்டருக்குள் விட்டு உதைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அவர் மெக்கானிக் இல்லை, கமக்காரர். ஏன் பற்றவில்லை என்பதற்கான அந்த ஒரு காரணத்தை மட்டும் தெரிந்து வைத்திருந்தார்.

வானொலியின் கதையைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் செய்தி கேட்போம். எங்கள் ஒழுங்கையில் முதலில் முயன்றபோது வானொலி இரைந்ததே தவிரக் குரல் வரவில்லை. சைக்கிள் திருத்துபவருக்கு டைனமோ தெரியும், வானொலி தெரியாது. வானொலி திருத்துபவருக்கு உள்ளே உள்ள ஒவ்வொரு பாகமும் தெரியும், ஆனால் அவர் டைனமோவைக் கழற்றிப் பார்த்ததில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த ஒரு மாணவன் வந்து, சைக்கிளில் வருவது மாறுமின்னோட்டம், வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், அதனால் நடுவில் டயோட் வைக்க வேண்டும் என்றான். அவனுக்கு இரண்டு வேலையுமே ஒழுங்காகத் தெரியாது. வேலையைச் செய்தது மற்ற இருவரும்தான். ஆனால் அவன் வராவிட்டால் அந்த இருவரும் அருகருகே இருந்துகொண்டே ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

போன வருடம் நீ செய்ததும் இதுதான். வாய்க்கால் திருத்தக் கூட்டத்தில் பொறியியலாளர்கள் ஆனி கடைசியில் தண்ணீர் திறக்கும் துருசைப் பூட்டிக் கொங்கிறீட் போடலாம் என்று திட்டம் வைத்தார்களாம். கணக்கு, அளவு, எல்லாம் சரி. கமக்காரர்கள் பின்வரிசையில் முணுமுணுத்தார்கள், எழுந்து சொல்லத் தெரியவில்லை. நீ எழுந்து, "சிறுபோக நெல் அப்போது குடலைப் பருவத்தில் இருக்கும், தண்ணீரை நிறுத்தினால் பதராகிவிடாதா?" என்று கேட்டாய். நீ பொறியியலாளரும் இல்லை, விவசாயப் பட்டதாரியும் இல்லை. அப்பாவோடு வரம்பில் நடந்த பிள்ளை, வரைபடம் வாசிக்கவும் பழகிக்கொண்டவள். உன் கேள்விக்குப் பிறகு அறுவடை முடியும்வரை வேலையைத் தள்ளிவைத்தார்கள் என்று நீயே எனக்குச் சொன்னாய். அதைச் சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோசம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஒரு பழமொழிக்காக அதை மறந்துவிட்டாயா?

கொஞ்சம்கூடத் தெரியாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். 2004 மார்கழி 26 அன்று காலை முல்லைத்தீவுக் கரையில் எங்கள் உறவுகள் எத்தனை பேர் நின்றார்கள்! சுனாமி என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. நிலம் நடுங்கினால் கடல் எழும் என்பதோ, ஒரு அலையோடு அது முடிந்துவிடாது என்பதோ, எவருக்கும் தெரியாது. அதே நாள் தாய்லாந்துக் கடற்கரையில் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, கடல் நுரைத்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்து, இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து தாய் தகப்பனை எச்சரித்தாள். அந்தக் கரையில் நின்றவர்கள் தப்பினார்கள். அதைப் பத்திரிகையில் வாசித்த அன்று நான் அழுதேன். அவள் கடல் ஆராய்ச்சியாளர் இல்லை. ஒரு பாடம், அவ்வளவுதான். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஒரு பாடம் கிடைக்கவில்லை.

2009 மாசி, பங்குனியைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். உன் அண்ணன் காலில் காயம்பட்டபோது, பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்த ஒரு கிழவி, எப்போதோ முதலுதவி வகுப்புக்குப் போனவர், என் சேலைத் தலைப்பைக் கிழித்து மடித்துக் காயத்தில் வைத்து, "எடுத்துப் பார்க்காதே, அமத்திக்கொண்டே இரு" என்றார். நான் அமத்திக்கொண்டே இருந்தேன்.

போன தையில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும், ஆனால் முழுக் கதையையும் நான் சொல்லவில்லை. நீ பயப்படுவாய் என்று விட்டுவிட்டேன். அதற்கு முந்திய மாதம், 2024 மார்கழியில், யாழ்ப்பாணத்தில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் ஆட்கள் இறந்தார்கள். பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தார்கள். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும் என்று செய்தியில் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நான் நெல் புடைத்தேன். மாமா மூன்று நாளாகக் கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாயில் கிடந்தார். நான் போய்க் கெண்டைக்காலைத் தொட்டேன், தொட்டதும் கத்தினார். கண் வெள்ளை சிவந்திருந்தது. சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். தங்கச்சி கேட்கிற கேள்வியா என்பது போலப் பார்த்தார். பிறகு, நேற்றிலிருந்து குறைவு என்றார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெளிநோயாளர் வரிசையில் ஒவ்வொருவரும் "காய்ச்சல்" என்று சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் முறை வந்ததும் நான் முந்திக்கொண்டு, "ஐயா, இவர் இரண்டு கிழமையாக வெறுங்காலோடு வயல் தண்ணீருக்குள் நின்றவர். காலில் வெடிப்பு இருக்கிறது. கெண்டைக்கால் நோ. நேற்றிலிருந்து சிறுநீர் குறைந்துவிட்டது" என்றேன். எழுதிக்கொண்டிருந்த இளம் வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கே விடுதியில் சேர்த்தார்கள். மாமா இப்போது கடலை விதைத்துக்கொண்டிருக்கிறார். நான் வைத்தியம் பார்க்கவில்லை, மகள். வைத்தியரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. வருகிற காலபோகத்துக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய், எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் என்ற மாத்திரையைப் பற்றிக் கேட்கச் சொல்லி மாமாவை இப்போதே நச்சரிக்கிறேன்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. அதை மறைத்தால் நான் நேர்மையானவள் இல்லை. பல வருடங்களுக்கு முன் பக்கத்து வளவுப் பையனைப் புடையன் கடித்தபோது, நான் முன்னுக்கு ஓடிப்போய்க் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அந்தக் கால் நீலம் பாரித்து வீங்கியிருந்தது. வைத்தியர் என்னை ஏசினார். ஏசியது சரி. கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பையன் பிழைத்தான், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனாலும் அந்தக் காலின் நிறம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து, எனக்குத் தெரிந்தது எந்த இடத்தில் முடிகிறது என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்வேன். நீயும் கேட்டுக்கொள்.

உன் மேலதிகாரி சொன்னதிலும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. தொடங்கிய அறிக்கைகளில் எத்தனையை முடித்தாய்? அதை நீ யோசிக்கத்தான் வேண்டும். ஒரு வேலையில் உளியை ஆழமாக இறக்கு, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விபுலானந்த அடிகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நீ பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்கினாயே. விஞ்ஞானப் பட்டதாரி, தமிழ்ப் பண்டிதர், துறவி. கணிதமும் ஒலியியலும் கையில் இருந்ததால்தான், வழக்கொழிந்துபோன யாழின் சுரங்களை அவரால் கணக்குப் போட்டு மீட்க முடிந்தது. பண்டிதராக மட்டும் இருந்திருந்தால் பாட்டுக்கு உரை எழுதியிருப்பார். ஆழமாகப் போனவர்தான் அவர், ஆனால் பல வாசல்களால் போனவர். நீ பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஓடி வந்தாய். அந்தச் சான்றிதழ் இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

ஊர்ப் புதினங்கள். குளத்தில் தண்ணீர் பரவாயில்லை. பாலைப்பழம் விழத் தொடங்கிவிட்டது, ஒரு பேணி நிறைய வைத்திருக்கிறேன். அதிகம் சாப்பிட்டால் உதடு ஒட்டும், அலுவலகத்துக்குப் போகும் நாளில் சாப்பிடாதே. அரிசி புழுங்கல், இருபது கிலோ. கிணற்றுக்குச் சூரிய மின்சக்தியில் ஓடும் பம்பி பூட்டியிருக்கிறோம். மேகம் மூடினால் நின்று, வெயில் வந்ததும் தானாக ஓடுகிறது. பூட்டியவரிடம் ஏன் என்று கேட்டேன், அவசரத்தில் போய்விட்டார். லீவில் வரும்போது எனக்கு விளங்கப்படுத்து.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். மாடு வியாழக்கிழமை விடியப்புறம் கன்று போட்டது. முதலில் ஒரு குளம்பும் மூக்கும்தான் தெரிந்தது. இரண்டு முன்னங்கால்களும் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். மற்றக் கால் உள்ளே மடிந்திருக்கிறது என்று பட்டது. இழுக்கப் போன அப்பாவைத் தடுத்துவிட்டு மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். ஒரு கால்தான் தெரிகிறது என்றதும், தொடாதீர்கள், வருகிறேன் என்று சொல்லி அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார். கையை உள்ளே விட்டு, மெல்லத் தள்ளி, மடிந்த காலை எடுத்துவிட்டார். நாகு கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இதை எழுதும்போது விறாந்தைக்கு ஏற முயன்று வழுக்கி விழுந்துகொண்டிருக்கிறது. முதல் பாலில் செய்த கடும்பை உனக்கு அனுப்ப வழியில்லை, பஸ்ஸில் பழுதாகிவிடும். பெயர் வைக்காமல் இருக்கிறோம், நீ சொல்.

அன்புடன்,
அம்மா