31 வருடத்துக்குப் பிறகு ஹேண்டிலைப் பிடித்தேன், மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே காலுக்கு ஒரு விமானத்தைப் பறக்கவிட்டேன். ரிமோட் இல்லை, ட்ரோன் இல்லை. நம்ம கன்ட்ரோல் லைன் விமானம். இரண்டு கம்பி, ஒரு ஹேண்டில், நடுவில் நான். நாலரை நிமிடம் பறந்தது. அப்புறம் மோட்டார் நின்றது, சக்கரம் தரையில் பட்டது, புழுதியில் கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. ஹேண்டிலைக் கீழே வைத்ததும் நான் திரும்பிப் பார்த்தது விமானத்தை இல்லை. நீ வழக்கமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் பக்கத்தை. அங்கே ஒரு எருமை மேய்ந்துகொண்டிருந்தது.

இதை உனக்கு போனில் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது விமானம் பறந்த கதை மட்டும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது, கீழே வரும்.

எப்படித் திரும்பி வந்தேன் என்று கேட்பாய். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவரின் பையன் என்.சி.சி. ஏர் விங்கில் இருக்கிறான். மாதிரி விமானப் போட்டி நடக்கும் வாயு சைனிக் முகாமுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். இறக்கைக்குள் இருக்கும் பெல்கிராங்க் தகட்டிலிருந்து, வாலில் ஏறி இறங்கும் எலிவேட்டருக்குப் போகும் கம்பி இறுக்கமாக இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டார். போய்ப் பார்த்தேன். விமானத்தை மூக்கு மேலாகப் பிடித்தால் எலிவேட்டர் தன் எடையிலேயே தொங்க வேண்டும், ஆட வேண்டும். நமக்கு இதைச் சொல்லிக்கொடுத்த சார் நூறு தடவை சொன்னது. இது விறைப்பாக நின்றது. கீலில் பசை ஏறியிருந்தது. பிளேடால் சுரண்டி எடுத்துக் கொடுத்தேன். "அங்கிள், நீங்களே ஒரு தடவை பறக்க விடுங்க" என்று பையன் ஹேண்டிலை நீட்டினான். நான் வேண்டாம் என்றேன். கை மட்டும் முன்னால் போயிருந்தது.

மூன்றாவது சுற்றிலேயே தலை சுற்றியது. விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்காதே என்பது மட்டும் நினைவில் இருந்தது. கண் விமானத்தின் மேலேயே இருக்கும் வரை உலகம் பின்னால் கலங்கி ஓடினாலும் தாங்கும். தரையைப் பார்த்தாயோ, போச்சு. எட்டு சுற்று தாங்கினேன். இறங்கியதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பையன் பயந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். எனக்குக் கண்ணீர் வந்ததை மயக்கம் என்று நினைத்துக்கொண்டான். நானும் திருத்தவில்லை.

அந்த இழுப்பு, மாப்ளே. அதை மறந்தே போயிருந்தேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன், நீ பொறுத்துக்கொள். கன்ட்ரோல் லைன் விமானம் பறப்பவனைச் சுற்றி வட்டமாகத்தான் பறக்கும், வழக்கமாக இடஞ்சுழியாக. இறக்கையின் உள்நுனி வழியாக இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் வந்து ஹேண்டிலின் மேல் பக்கத்திலும் கீழ்ப் பக்கத்திலும் சேரும். மறுமுனை இரண்டும் இறக்கைக்குள் இருக்கும் பெல்கிராங்க் என்ற சின்னத் தகட்டில். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், தகடு திரும்பும், எலிவேட்டர் உயரும், விமானம் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். அவ்வளவுதான் எந்திரம். ஆனால் கம்பி விறைப்பாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். தொய்ந்தால் உன் கையில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் வெளி இறக்கை நுனியில் கொஞ்சம் ஈயம் வைப்பதும், மோட்டாரை வட்டத்துக்கு வெளியே பார்த்தபடி சற்றுத் திருப்பிப் பொருத்துவதும்.

இப்போது நான் கட்டியிருப்பது 800 கிராம். கம்பி 17 மீட்டர். ஒரு சுற்றுக்கு 5 விநாடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், மணிக்கு 77 கிலோமீட்டர் வருகிறது, கையில் 2 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. இரண்டு கிலோ பெரிய எடையா என்று கேட்பார்கள். பையில் தூக்கும் இரண்டு கிலோ செத்த எடை. இது உயிருள்ள எடை. காற்றுக்கு எதிராகத் திரும்பும்போது ஒரு மாதிரி, காற்றோடு ஓடும்போது வேறு மாதிரி. மோட்டார் ஒரு மூச்சு விட்டாலும் விரலுக்குத் தெரியும். என் மகள் ரிமோட் விமானம் ஒன்று வாங்கித் தந்தாள், நல்ல விமானம்தான். ஆனால் அது வானத்தில் இருந்தது, நான் தரையில் இருந்தேன். இதில் அப்படி இல்லை.

அந்த மாதமே கட்ட ஆரம்பித்தேன். ஸ்டெர்லிங் கம்பெனியின் பழைய ரிங்மாஸ்டர் வரைபடம், 42 அங்குல இறக்கை. எலும்புக்கூடு எளிது, அடிபட்டாலும் ஒட்டிவிடலாம். திரும்பி வருகிறவனுக்கு அழகான விமானத்தை விட ஒட்டக்கூடிய விமானம்தான் வேண்டும். எஞ்சினுக்குப் பதில் பிரஷ்லெஸ் மோட்டார், லித்தியம் பேட்டரி, ஒரு டைமர். பட்டனை அழுத்தினால் 30 விநாடி பொறுத்து மோட்டார் கிளம்பும், அதற்குள் நடந்துபோய் ஹேண்டிலை எடுத்துக்கொள்ளலாம். நேரம் முடிந்ததும் தானே நிற்கும். விரலில் வெட்டு இல்லை, உடம்பில் எண்ணெய் இல்லை. வசதிதான். ஆனால் வாசனை இல்லை, மாப்ளே.

வாசனை என்றதும் நம்ம அரோரா டீசல் எஞ்சின் ஞாபகம் வந்திருக்கும். ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு கல்கத்தாவிலிருந்து வி.பி.பி.யில் வரவழைத்தோமே. ரேஷன் கடை மண்ணெண்ணெய் ஒரு பங்கு, நாட்டு மருந்துக்கடை விளக்கெண்ணெய் ஒரு பங்கு, ஈதர் ஒரு பங்கு. நீ கம்ப்ரஷன் ஸ்க்ரூவைக் கால் திருப்பு இறுக்குவாய், ப்ராப்பை, அதான் முன்னால் சுழலும் விசிறியை, தட்டுவாய், மறுபடி தட்டுவாய். பிடித்ததும் வரும் அந்தக் கிறீச்சென்ற சத்தம், அப்புறம் ஸ்க்ரூவைத் தளர்த்தி எரிபொருளை அளந்து விடும் நீடிலைத் திருகித் திருகி நீ அதைப் பாட வைப்பது. உன் ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா?

அந்த எஞ்சின் என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் எடுத்துப் பார்த்தேன். விளக்கெண்ணெய் கோந்தாக இறுகி, ப்ராப் அசையவே இல்லை. இடுக்கி போட்டுத் திருகக் கை பரபரத்தது, விட்டுவிட்டேன். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ராட் வளைந்துவிடும். கம்ப்ரஷன் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தினேன். மகளின் ஹேர் டிரையரைப் பத்து நிமிடம் காட்டினேன். துவாரத்தில் இரண்டு சொட்டு தின்னர் விட்டு, மறுபடி சூடு. நாலாவது முறை ப்ராப் ஒரு நூல் அளவு நகர்ந்தது. பிசின் மாதிரி, மெதுவாக. அப்புறம் அரைச் சுற்று. அப்போது வெளியேற்றும் துவாரத்திலிருந்து வந்தது பார், அந்த வாசனை. சமையலறையில் நின்றிருந்த எனக்கு ஒரு நொடியில் தாம்பரம் மைதானமும் காக்கிச் சட்டையும் வந்துவிட்டன.

நம்ம சார் ஜிம் வாக்கர் கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்வாரே. அமெரிக்காவில் போர்ட்லண்டுக்காரர், 1940இல் ஃபயர்பால் என்ற விமானத்தோடு இந்தக் கலையையே கடைக்குக் கொண்டுவந்தவர், இரண்டு கையில் இரண்டும் தலையில் ஒன்றுமாக மூன்று விமானத்தை ஒரே நேரத்தில் பறக்கவிட்டவர். உண்மைதான். ஆனால் அதே ஆரிகன் மாநிலத்தில் ஓபா செயின்ட் கிளேர் என்று ஒருவர் அதற்கு முன்பே, 1930களில், பெல்கிராங்க் வைத்துப் பறக்கவிட்டிருக்கிறார் என்று இப்போது படித்தேன். பிறகு காப்புரிமை வழக்கு வந்தபோது இவர் செய்தது வெளியே வந்து, வாக்கரின் உரிமை செல்லாமல் போனது. முதலில் செய்தவன் இத்தனை வருடம் பேசாமல் இருந்தானே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பேசாமல் இருப்பதைப் பற்றி எனக்குத் தெரியும்.

1993 ஆகஸ்ட். முகாமுக்கான தேர்வு. ஹாஸ்டல் அறையில் மூன்று மாதம் நீ கட்டின விமானம். ஒவ்வொரு விலாவையும் அரை பிளேடில் அறுத்து, டிஷ்யூ காகிதம் ஒட்டி, அதை விறைப்பாக்கும் டோப் ஐந்து கோட் அடித்து, விமானம் அறையில் காய்வதற்காக நீ வராந்தாவில் படுத்தது எனக்குத் தெரியும். பறக்க விட்டது நான். ஆறாவது சுற்றில் கை சட்டென்று லேசானது. விமானம் மூக்கைக் கீழே குத்தி நேராகத் தரைக்குள் போனது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மேல் கம்பி அறுந்திருந்தது. கீழ்க் கம்பி மட்டும் மிஞ்சினால் மொத்த இழுப்பும் அதில் ஏறி எலிவேட்டரை முழுக்கக் கீழே திருப்பிவிடும். யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நீ ஓடிப்போய் மண்ணுக்குள்ளிருந்து எஞ்சினைத் தோண்டினாய். பிறகு என்னைப் பார்த்து, "கம்பி கிளிப்பை நான்தான் சரியா மாட்டலையோ" என்றாய். ராத்திரி சாப்பாட்டில் மறுபடியும் கேட்டாய். ஊருக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டிலும் கேட்டாய். நான் மூன்று தடவையும் "விடுடா" என்றேன்.

கிளிப் சரியாகத்தான் இருந்தது, மாப்ளே. முதல் நாள் சாயங்காலம் கம்பியைச் சுருட்டும்போது ஒரு வளையம் நழுவியது, கவனிக்காமல் இழுத்துவிட்டேன். ஹேண்டிலிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒரு மடிப்பு விழுந்தது. நகத்தால் நீவி நிமிர்த்தினேன். மடிப்பு விழுந்த கம்பியை நிமிர்த்தாதே, தூக்கிப் போடு என்று சார் சொன்னது காதில் இருந்தது. புதுக் கம்பி கட்ட ஒரு மணி நேரம் ஆகும், நான் களைத்திருந்தேன். காலையில் இழுத்துப் பார்க்கும் சோதனையில் நீ விமானத்தைப் பிடித்துக்கொண்டாய், நான் ஹேண்டிலை இழுத்தேன். பாதி பலத்தில்தான் இழுத்தேன். முழுக்க இழுத்தால் அறுந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயமே எனக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். நீ எஞ்சினைத் தோண்டிக்கொண்டிருந்தபோது நான் அறுந்த முனையைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மடித்த இடத்தில்தான் அறுந்திருந்தது.

அன்றைக்குச் சுற்றி நின்ற பசங்க எல்லோரும் உன் கிளிப்பைத்தான் பார்த்தார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். எல்லோருக்கும் தெரிய எழுதியது அதற்காகத்தான்.

நான் அதற்குப் பிறகு பறக்கவிடவில்லை. நீயும் விட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டபோது அதில் என் பங்கு என்ன என்று யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கம்பியை விரித்ததும் ஒரு பஞ்சுத் துண்டை விரலிடுக்கில் வைத்து, முனையிலிருந்து முனைவரை ஓட்டுகிறேன். ஒரு இழை பிரிந்திருந்தாலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அப்புறம் பெட்டி எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசை ஹேண்டிலில் மாட்டி 8 கிலோ வரை இழுக்கிறேன், விமானத்தின் எடைக்குப் பத்து மடங்கு. போன மாதம் ஒரு மடிப்பு விழுந்தது. அங்கேயே வெட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குப் பறக்கவில்லை.

இடம், எங்கள் பக்கத்து ஏரி. சித்திரை, வைகாசியில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நடுவில் ஒரு பக்கம் மண் கெட்டியாகச் சமமாக இருக்கிறது, அங்கே வெள்ளைச் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருக்கிறேன். கரண்டு கம்பி கரையிலேயே நின்றுவிடுகிறது, வட்டத்திலிருந்து 200 மீட்டர். கையில் எஃகுக் கம்பி பிடித்திருப்பவன் கரண்டு கம்பிக்குப் பக்கத்தில் போகவே கூடாது, இதில் சமாதானம் பேச முடியாது. காற்று ஏழரைக்கு மேல்தான் எழும். ஏழாவது நாள் விமானத்தைச் செங்குத்தாக ஒரு வளையம் அடிக்கவிட்டேன், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு. உச்சியில் கம்பி கொஞ்சம் தளர்ந்தது, இரண்டடி பின்னால் நடந்தேன், பிடித்துக்கொண்டது. தலைகீழாகப் பறக்க இன்னும் துணியவில்லை. மேலும் கீழும் இடம் மாறும்போது மணிக்கட்டு இன்னும் குழம்புகிறது.

விமானத்தைப் பிடித்துவிட ஆள் இல்லை. அந்தப் பையன் படிக்க பெங்களூர் போய்விட்டான். ஒரு பலகையில் ஊசி பொருத்தி, முளை அடித்து, வாலை அதில் மாட்டி, நைலான் கயிற்றை என் பக்கம் இழுத்து வைத்திருக்கிறேன். கயிற்றைச் சுண்டினால் ஊசி விலகும், விமானம் ஓடும். வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பலகை எஞ்சின் சத்தத்தைக் கேட்டு இன்னும் கால் திருப்பு வேண்டும் என்று சொல்லாது, கையை உயர்த்தி "ரெடியா" என்று கேட்காது.

அரோராவுக்கு ஈதர் கிடைக்க வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தாலும் அதை நான் தட்டிக் கிளப்பப் போவதில்லை, அது உன் வேலை. விரலுக்குப் பதில் ஒரு மரக்குச்சி செதுக்கி வைத்திருக்கிறேன்.

கோபம் இருந்தால் அதோடேயே வா. கோயம்புத்தூரிலிருந்து சனிக்கிழமை ராத்திரி சேரன் பிடித்தால் விடிகாலையில் சென்ட்ரல். நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். கம்பியை நீயே இழுத்துப் பார், முழு பலத்தில். அதற்கப்புறம் பறக்கலாம்.

உன்
மாப்ளே