கேள்விப் பெட்டி செய்தவர்களுக்கும் சீட்டு எழுதியவர்களுக்கும்

அன்புள்ள மாணவ நண்பர்களே, உடன் நின்ற எல்லோரும்,

உங்கள் கல்லூரியில் நடந்த எச்.ஐ.வி. விழிப்புணர்வுக் கூட்டம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. அன்றைக்கே ஒவ்வொருவரிடமும் நன்றி சொல்லியிருக்க வேண்டும். பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

அரங்கம் கொடுத்த கல்லூரிக்கும், வகுப்பு நேரத்தை விட்டுக்கொடுத்த பேராசிரியர்களுக்கும், நாற்காலி தூக்கிப்போட்ட தம்பிகளுக்கும் நன்றி.

சுவரொட்டி எழுதிய தங்கைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "எய்ட்ஸ் நோயாளி பேசுகிறார்" என்று எழுதியிருந்தீர்கள். பேச வரவிருந்த தோழி முந்தின நாளே வந்து பார்த்து, "நோயாளின்னு போடாதீங்கம்மா, எச்.ஐ.வி.யோட வாழ்கிறவர்னு போடுங்க" என்றார். நீங்கள் முகம் சுளிக்கவில்லை, உட்கார்ந்து அத்தனையையும் திரும்ப எழுதினீர்கள். 1983-இல் அமெரிக்காவின் டென்வரில் கூடிய எய்ட்ஸ் உள்ளவர்கள் வெளியிட்ட அறிக்கையும் தங்களை எப்படி அழைப்பது என்பதில்தான் தொடங்கியது: எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள். அந்த வரியை அடுத்த நாள் மேடையில் நான் படித்தபோது உங்கள் விரல்களில் இன்னும் மை இருந்தது.

அந்தத் தோழிக்கு எப்படி நன்றி சொல்வது? எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தினமும் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. இதை நான் பத்து நிமிடம் விளக்கினேன். அவர், "என் வீட்டுக்காரருக்கு இல்லை, என் மகளுக்கும் இல்லை" என்று இரண்டே வரியில் சொன்னார். அரங்கம் அவர் சொன்னதைத்தான் நம்பியது.

அப்புறம் அந்தப் பெட்டி. "கை தூக்கச் சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க அக்கா" என்று சொல்லி, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் காகிதம் ஒட்டிக் கொண்டுவந்த தம்பிக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே அளவு சீட்டு, ஒரே நிறப் பேனா, கேள்வி இல்லாதவரும் வெற்றுச் சீட்டு போட்டே ஆக வேண்டும் என்ற விதி எல்லாம் அவர் யோசனை. இத்தனை வருடமாகப் பேசப் போய்வருகிறேன், எனக்கு இது தோன்றியதில்லை.

கொசு கடித்தால் வருமா, முத்தம் கொடுத்தால் வருமா, ஒரே தட்டில் சாப்பிடலாமா என்று நிறைய சீட்டுகள். வராது, சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தோம். நடுவில் எட்டாக மடித்த ஒன்று. "நேற்று இரவு நடந்தது. இப்போது என்ன செய்வது?"

மருத்துவர் அம்மா மற்றச் சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டார். "யாரும் திரும்பிப் பார்க்காதீங்க, எல்லோரும் கேளுங்க" என்றார். தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்று பயந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும், உடனே எடுக்கும் பரிசோதனை நேற்றைய தொற்றைக் காட்டாது, பிறகும் எடுக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அவருக்கு நன்றி. அரங்கத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அதற்காக உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி.

"மாணவர்கள் நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்ற சீட்டுக்கு நேரம் போதவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜாக்கி அக்மத் பற்றி மட்டும் சொன்னேன். அரசு மருத்துவமனையில் ஏழைகளுக்குக் கிடைக்காத மருந்து எனக்கும் வேண்டாம் என்று, தனக்கே எச்.ஐ.வி. இருந்தும் 2003 வரை மாத்திரையைத் தொடாமல் போராடியவர். அவ்வளவு வேண்டாம், மாத்திரையை யாரும் விடவே கூடாது. சரி, அந்தக் கேள்விக்காகவே இன்னொரு நாள் வருகிறேன்.

சீட்டுகளை அன்று மாலையே கிழித்துப்போட்டோம்.

எட்டாக மடித்தவருக்கு: நீங்கள் யாரென்று நாங்கள் தேடவில்லை, தேடவும் மாட்டோம். கேட்டீர்களே, அதற்கு நன்றி.

அன்புடன்,
உங்கள் அக்கா