டின் அதேதான், உள்ள இருக்கற பைப் புகையிலை வேற – பணத்தைத் திருப்பித் தரவும்

வணக்கம் சார்,

உங்க கஸ்டமர் கேருக்கு போன் போட்டு போட்டு ஓஞ்சு போயிட்டேன், அதான் எழுத்துல குடுக்கறேன். பில் காப்பியும் பழைய டின், புது டின் போட்டோவும் இணைச்சிருக்கேன், எந்த பிளென்ட்னு, அதாவது எந்தப் புகையிலைக் கலவைன்னு அதுலயே தெரியும்.

டின்னோட அடிப்பக்கத்தைப் பாருங்க. பழசுல ஒரு நாட்டுப் பேரு, புதுசுல வேற நாட்டுப் பேரு. மூடி, படம், எழுத்து எதுவும் மாறல. முன்னாடி திறந்தா ஃபிளேக், அதாவது அழுத்தி வெட்டின புகையிலைத் துண்டுங்க, வரிசையா அடுக்கியிருக்கும், விரலால உதிர்த்து பைப்ல போட்டா ஒழுங்கா புடிச்சுக்கும். இப்போ உதிர்த்தே வருது, சொதசொதன்னு ஈரம், விரல்ல ஒட்டுது, குச்சி மேல குச்சி கிழிச்சாலும் அணைஞ்சு போகுது, பைப்புல போட்டது பாதி எரியறதுக்குள்ளயே கொளகொளன்னு தண்ணி சத்தம், நாக்கு பொத்துப் போகுது. கலவைல இருக்கற லட்டாக்கியாங்கற, புகை போட்டு பதப்படுத்தின இலையோட அந்த விறகுப்புகை வாசனையைக் காணவே காணோம்.

இதைச் சொன்னதுக்கு உங்க ஆளு ஒருத்தர், "புகையிலைன்னா எல்லாம் ஒண்ணுதான் சார், வயசானா நாக்குல ருசி போயிடும், டாக்டரைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டார். இறக்குமதி பண்றவங்க நீங்க, உங்களுக்குமா தெரியாது? டன்ஹில்ங்கற இங்கிலாந்து கம்பெனியோட கலவைங்க 1981 வரைக்கும் அவங்களே செஞ்சது, அப்புறம் பெல்ஃபாஸ்ட்ல மரே கம்பெனிக்குப் போச்சு, அங்கேர்ந்து டென்மார்க்ல ஓர்லிக் கம்பெனிக்கு, 2018க்கு மேல டன்ஹில் பேரே போய் பீட்டர்சன்ங்கற பிராண்டு பேர்ல வருது. நைட்கேப்ங்கற டன்ஹில் கலவையை மரே காலத்துல பிடிச்சவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, விடிய விடிய பேசுவாங்க. த்ரீ நன்ஸ்ங்கற இன்னொரு கலவைல ஒரு காலத்துல பெரிக் இருந்துச்சு, பின்னாடி அதை எடுத்துட்டு கென்டக்கி இலையைப் போட்டாங்க, பேரு மட்டும் அதே த்ரீ நன்ஸ். பெரிக்ங்கறது லூசியானாவுல செயின்ட் ஜேம்ஸ் பக்கத்துல பீப்பாய்ல அழுத்தி மாசக்கணக்குல ஊற வைக்கற இலை, அதுக்கு பதிலா எதைப் போட்டாலும் அதாகாது. ரெசிபி பேப்பர்ல அப்படியே இருக்கலாம் சார், ஆனா இலை எந்த ஊர்ப் பயிரு, பிரஸ்ல எவ்வளவு நேரம் கிடந்துச்சு, எவ்வளவு ஈரத்தோட அடைச்சாங்க, இது மாறினா புகையும் மாறும். இதெல்லாம் வித்து சம்பாதிக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

டின்னை எடுத்துக்கிட்டு கிண்டி குடோனுக்கு வாங்கன்னு கூப்பிட்டதும் நீங்கதான். உச்சி வெயில்ல போனேன், செக்யூரிட்டி கேட்லயே நிறுத்தி வெச்சார், கடைசில ஒரு பையன் வந்து மேனேஜர் லீவு, திறந்த டின்னை வாங்க மாட்டோம்னு சொல்லிட்டு உள்ள போயிட்டான். திறக்காம ருசி மாறினது எப்படித் தெரியும்? ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கூட யாரும் கேக்கல.

அந்த டாக்டரைப் பாருங்கன்னு சொன்னதுதான் இன்னும் நெஞ்சுல குத்துது. ரிட்டயர் ஆனப்புறம் சாயங்காலம் ஒரு பைப், அதைத் தவிர எனக்கு வேற சந்தோஷமே கிடையாது, அதுவும் போச்சு. உங்களை நம்பி ஒரு வருஷத்துக்கான டின்னை மொத்தமா வாங்கி வெச்சிருக்கேன். எல்லாம் பாழ்.

தயவுசெஞ்சு திறக்காத டின்னையெல்லாம் எடுத்துக்கிட்டு முழுப் பணத்தையும் குடுங்க, திறந்ததுக்கும் சேத்துத்தான். செய்யற கம்பெனி எப்போ மாறுச்சுன்னு எழுத்துல பதில் வேணும். இனிமே மாறினா விக்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, அவ்வளவுதான் கேக்கறேன். போன்ல பேசின அந்த ஆளு மன்னிப்பு கேக்கணும்.

உங்க மேல இன்னும் மரியாதை வெச்சுத்தான் எழுதறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணுவேன், அங்கயும் நடக்கலன்னா நுகர்வோர் கோர்ட்டுதான். வக்கீல் இல்லாம நானே நின்னு பேசுவேன், பழைய டின்னு, புது டின்னு ரெண்டையும் மேஜை மேல வெச்சே பேசுவேன்.

இப்படிக்கு,
உங்க பழைய கஸ்டமர்