குதிரை பக்கத்தில் குடை விரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வருகிற கூட்டத்தைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வருடா வருடம் செய்தி வருகிறது. வாகன நெரிசல், அறை வாடகை, கிரகரி வாவிக் கரையில் சேரும் குப்பை எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள். குதிரைகளுக்கு முன்னால் நம் ஆட்கள் நடந்துகொள்கிற விதத்தைப் பற்றி மட்டும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். இருபத்திரண்டு வயதில் வளைகுடாவுக்குப் போய்ப் பதினொரு வருடம் ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்தேன். விடியற்காலை நாலு மணிக்கு லத்தி அள்ளுவதில் தொடங்கி, தேய்த்துக் குளிப்பாட்டி, போட்டி நாட்களில் மைதானத்துக்குக் கூட்டிப்போய் நிற்பது வரைக்கும் என் வேலைதான். ஊருக்குத் திரும்பிய பிறகும் சீசனில் குதிரை பிடிக்க ஆள் வேண்டும் என்று கேட்டால் போய்விடுவேன்.

கடந்த சீசனில் ஒரு சிறிய குதிரைக் காட்சிக்கு அப்படித்தான் போனேன். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள் மட்டக் குதிரைகளில் தடை தாண்டும் போட்டி. பின்னேரம் மூன்று மணியிருக்கும். ஏப்ரலில் அந்த நேரத்துக்கு இங்கே மழை இறங்குவது வழக்கம். தூறல் விழுந்ததும் வேலியோரம் நின்ற ஒருவர் பட்டன் குடையைப் படாரென்று விரித்தார். மூன்றாவது தடைக்கு வந்துகொண்டிருந்த குதிரை ஒரே எட்டில் பக்கவாட்டில் பாய, அதன் மேலிருந்த பிள்ளை கீழே விழுந்துவிட்டாள். மணிக்கட்டு வீங்கிப்போனது. கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் இன்னும் மோசம். ஏழெட்டு இளைஞர்கள் வேலியைத் தாண்டிக் குதித்து, "பிடி, பிடி" என்று கத்திக்கொண்டு குதிரையைத் துரத்தினார்கள். கடிவாள வார் காலடியில் தொங்க, அது மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. வார் காலில் மாட்டியிருந்தால் குதிரை விழுந்து காலை முறித்துக்கொண்டிருக்கும். பிள்ளையோ இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்து ஓடுகிற குதிரையைத் துரத்தக் கூடாது. எல்லோரும் இருந்த இடத்தில் அசையாமல் நின்றால், கொஞ்ச நேரத்தில் அது மற்றக் குதிரைகள் நிற்கிற பக்கமாகத் தானே வந்துவிடும். கூட்டத்தோடு வாழும் பிராணி அது, தனியாக நிற்கப் பயப்படும். கடைசியில் நான் இன்னொரு குதிரையைக் கூட்டிப்போய் நிறுத்திய பிறகுதான் அதுவும் வந்து சேர்ந்தது.

குடை விரித்தவர் கெட்டவரில்லை. தெரியாமல்தான் செய்தார், பிறகு வந்து மன்னிப்பும் கேட்டார். குதிரையின் கண் எப்படி வேலை செய்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. குதிரைக்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. கிட்டத்தட்ட 350 பாகைக்குச் சுற்றிலும் பார்க்கும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும், வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து ஏதாவது வந்து தொட்டால் புலி பாய்ந்துவிட்டது என்றே நினைக்கும். பயந்த குதிரை ஒன்று ஓடும், இல்லாவிட்டால் உதைக்கும். ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணியின் பின்னங்கால் உதை பட்டால் விலா எலும்பு தாங்காது. இதெல்லாம் தெரியாமல், மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு குதிரையின் பின்பக்கம் போய் வாலைத் தொட்டுக்காட்டுகிற தகப்பன்மாரைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. குதிரை தெரிந்த நாடுகளில், உதைக்கிற பழக்கமுள்ள குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பார்கள். அதைக் கண்டால் மற்றச் சவாரிக்காரர்களே ஒதுங்கித்தான் போவார்கள். இங்கே நான் ஒரு குதிரைக்கு ரிப்பன் கட்டிவிட்டேன். "எவ்வளவு வடிவாக இருக்கிறது" என்று சொல்லி ஒரு குடும்பமே அதன் பின்னால் நின்று படம் எடுத்தது.

தீனி கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாவிக் கரையில் சவாரிக்கு நிற்கிற குதிரைகளுக்குப் பிஸ்கட், பாண், சுட்ட சோளம் என்று கையில் இருப்பதையெல்லாம் ஊட்டுகிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாதது வயிற்றுக்குள் போனால் வயிற்று வலி வந்து தரையில் புரளும். அந்த வலியில் செத்துப்போன குதிரையை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்க அதை நடத்திக்கொண்டே இருந்தோம், விடியும்போது போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. போட்டிக்கு வந்த குதிரை என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. சாக்லேட்டில் இருக்கிற தியோப்ரோமின் என்ற பொருள் பந்தயங்களில் தடைசெய்யப்பட்டது. குழந்தை ஆசையாக ஊட்டிய ஒரு துண்டு சாக்லேட், பரிசோதனையில் அந்தக் குதிரையைப் போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடலாம். எங்கள் ஊர்க் கரட் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் சரி என்றால் கொடுங்கள். வட்ட வட்டமாக வெட்டாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் வெட்டி, உள்ளங்கையை நன்றாக விரித்து அதன் மேல் வைத்து நீட்டுங்கள்.

பார்க்க வருகிறவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நிறுத்தினால் அது நியாயமாகாது. சவாரி செய்கிறவர்களும் குதிரைச் சொந்தக்காரர்களும் செய்வது இதைவிட என்னைக் கோபப்படுத்துகிறது, ஏனென்றால் அவர்களுக்குத் தெரியும். போட்டிக்கு முன் குதிரைகளை ஓட்டிச் சூடாக்கும் இடத்தில், எதிரெதிரே வருகிறவர்கள் இடது தோளுக்கு இடது தோளாகக் கடந்து போக வேண்டும், முன்னால் போகிற குதிரைக்கும் பின்னால் வருகிற குதிரைக்கும் நடுவே ஒரு குதிரை நீளமாவது இடம் விட வேண்டும். இது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். இங்கே நடு வழியில் குதிரையை நிறுத்திவிட்டு போனில் பேசுகிறார்கள். அடுத்தவன் வாளியைக் கேட்காமல் எடுத்துத் தங்கள் குதிரைக்குத் தண்ணீர் வைக்கிறார்கள். காய்ச்சலோடு தாடைக்குக் கீழ் கட்டி வருகிற நோய் ஒன்று குதிரைகளுக்கு உண்டு. ஒரே வாளியில் வாய் வைத்தாலே லாயம் முழுக்கப் பரவிவிடும். தோற்றுப்போனதும் குதிரையைச் சாட்டையால் அடிக்கிற ஆட்களைப் பற்றி எழுதவே எனக்கு மனம் வரவில்லை.

வாவிக் கரைக் குதிரைகளும் அப்படித்தான். காலையில் பூட்டிய சேணத்தை இருட்டும் வரைக்கும் கழற்றாமல், வாளித் தண்ணீர் கூடப் பக்கத்தில் இல்லாமல் நிற்கிற குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். குதிரைக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து லீட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். குளிர் ஊர் என்பதால் அதற்குத் தாகம் எடுக்காது என்று யார் சொன்னது? சவாரிக்குக் காசு கொடுக்கிற நீங்கள் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இதற்குத் தண்ணீர் வைத்தீர்களா?" பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் வாளி வந்துவிடும்.

கடைசியாக, என் மனதை அதிகம் வருத்துகிற விஷயம். குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன்களில் பலர் நம் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். மழையில் நனைந்து, நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார்கள். அவர்களை "டேய் குதிரைக்காரா, இங்கே கொண்டா" என்று கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயது ஆளையும் அப்படித்தான். துரைமார் காலத்தில் நம் தாத்தாக்கள் கேட்ட அதே குரல். இப்போது அது கொழும்பிலிருந்து வேன் பிடித்து வருகிற தமிழ்க் குடும்பங்களின் வாயிலிருந்தே வருகிறது. தம்பி என்று கூப்பிட்டால் என்ன? அண்ணன் என்று கூப்பிட்டால் என்ன? அந்தக் குதிரை காதைப் பின்னால் மடித்தால் கோபமா, பயமா என்று அங்கே நிற்கிற எல்லோரையும்விட அவனுக்குத்தான் தெரியும். அவன் "கிட்டே வராதீங்க" என்றால் அது உங்கள் பிள்ளையின் நல்லதுக்குத்தான். அவனோடு சண்டை பிடித்து, "டிக்கட் எடுத்துத்தானே வந்தோம்" என்று சொல்வதில் என்ன நியாயம்?

1875இல் உண்டான பந்தயத் திடல் இருக்கிற ஊர் இது. இத்தனை காலமாகக் குதிரை பார்க்கிற ஊரில், குதிரைப் பக்கத்தில் எப்படி நிற்பது என்று ஒரு வரி தமிழில் எழுதி வைத்ததை நான் இதுவரை கண்டதில்லை. நான் சொன்ன அந்தக் காட்சியில் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொன்னார்கள், ஆனால் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும்தான். குடை விரித்தவருக்கு இரண்டுமே சரியாக விளங்காது என்று அவரே என்னிடம் சொன்னார்.

அதனால் இரண்டு வேண்டுகோள். மார்ச் கடைசி வாரத்தில், சீசன் தொடங்கும் முன், இந்த விஷயங்களை உங்கள் பத்திரிகையில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் தமிழிலும் அறிவிப்புச் செய்யட்டும். வாசிக்க ஆளில்லை என்றால் நான் வருகிறேன், காசு ஒன்றும் வேண்டாம். குதிரைகள் மிரளாதபடி மெதுவான குரலில் வாசிப்பேன்.

இப்படிக்கு,
கந்தப்பளையிலிருந்து ஒரு வாசகர்