மீனவர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2017–18

தலைவர் அவர்களுக்கும் பங்குத்தந்தை அவர்களுக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வலைக்கூடத்துக்கு ஓடு மாற்றினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இது ஒக்கி புயல் அடித்த ஆண்டு, அதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 30 அன்று காற்று பிடித்தபோது நம் படகுகள் பல ஆழ்கடலில் கிடந்தன. கடலிலேயே நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போய் இரண்டு வாரம், மூன்று வாரம் ஆனவை. அப்புறம் யார் மேல் தப்பு என்ற பேச்சு கிளம்பியது. 29-ஆம் தேதியே எச்சரித்தோம் என்றது மத்திய அரசுத் தரப்பு. புயல் என்று 30-ஆம் தேதிதானே சொன்னீர்கள் என்று கேட்டது கேரள அரசு. சொன்னால் மீனவர்கள் எங்கே கேட்கிறார்கள் என்று நம் மேலேயே பழி போட்டவர்களும் உண்டு. அது ரொம்ப வலித்தது. கடலுக்குப் போகாதே என்பது கரையில் நிற்பவனுக்குச் சொல்வது. 20 நாளைக்கு முன்பே போனவனைத் திரும்பி வா என்று கூப்பிட வேண்டும். படகில் இருக்கும் வயர்லெஸ் அத்தனை தூரம் எட்டாது. 29-ஆ, 30-ஆ என்று தொலைக்காட்சியில் நாள்கணக்கில் பேசியவர்கள் இதைத் தொடவே இல்லை.

ஆள் கணக்கிலும் அதே குழப்பம். படகு கேரளப் பதிவு, மீன் இறக்குவது கொச்சியில், ஆள் குமரி மாவட்டத்துக்காரர். 68 படகுகளில் 952 பேர் மகாராஷ்டிரக் கரை சேர்ந்த செய்தி டிசம்பர் 2 அன்று வந்தது. அதில் 66 கேரளப் படகுகள், 2 தமிழ்நாட்டுப் படகுகள் என்றார்கள். அந்த 66-இல் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொல்ல ஆளில்லை.

பங்கு மண்டபத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துப் பெயர் எழுத உட்கார்ந்தோம். ஒரு அம்மா மகன் பெயரைச் சொல்லிவிட்டு நகராமல் நின்றார். எழுதிவிட்டேன் அம்மா என்றேன். எந்த வரி என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தைத் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வரிக்கு நேரே 'வந்தார்' என்று எழுத இன்றுவரை நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் மறியலில் நம் ஊர் மொத்தமும் உட்கார்ந்தது. தேடுதலை ஆழ்கடல் வரை நீட்ட வேண்டும், காணாமல் போனவரை இறந்தவராகக் கருத 7 ஆண்டு காத்திருக்கச் சொல்லும் சட்டத்தைக் காட்டி நிவாரணத்தை நிறுத்தக் கூடாது என்று கேட்டோம். குமரிக் கரையில் மீட்பு ஹெலிகாப்டர் தளம் வேண்டும் என்ற கோரிக்கையையும் விடப் போவதில்லை.

ஆனால் சங்கத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். அந்த நோட்டு புயலுக்கு முன்பே நம்மிடம் இருந்திருக்க வேண்டும். எந்தப் படகில் யார் போனார் என்ற பட்டியல் சங்கத்தில் இல்லை. கூட வேலைக்குப் போன வெளிமாநிலத் தொழிலாளர் சிலருடைய முழுப் பெயர்கூட நமக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டுக்கு யார் தகவல் சொல்லியிருப்பார்கள்? செயலாளர் என்ற முறையில் அந்தக் குறை என்னுடையது.

ஜனவரி முதல் பதிவேடு போட்டிருக்கிறோம். ஆள் பெயர், ஊர், வீட்டு போன் எண், கிளம்பிய நாள், அவ்வளவுதான். படகு உரிமையாளர்கள் சிலர் இன்னும் தரவில்லை. ஜூன், ஜூலை தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும் முன் அது முழுமையாக வேண்டும். பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.